தாளில் உள்ளபடி

ஊபெதா, 9 அக்டோபர் 1983

நியேவெஸ்,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். அது பக்கத்து வீட்டு கசில்தாவின் போன். ரிசீவரைக் கையில் பிடித்தபடி அவள் கூடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் கொண்டைக்கடலை பொறுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு என் முகத்தையே பார்த்தாள். அந்த அவமானத்தை இன்னொரு தடவை பட எனக்கு இஷ்டமில்லை. இனிமேல் கடிதம்தான். கடிதத்தை உன்னால் பாதியில் துண்டிக்க முடியாது.

கிதாரை அனுப்ப மாட்டேன். போனில் சொன்னதையே எழுத்திலும் சொல்கிறேன்.

உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். "கிதார் வாசிக்கத் தெரிஞ்சவங்க கையில இருக்கட்டும்" என்றார். சொன்னது நம் இரண்டு பேரிடமும்தான். ஆனால் நீ உடனே திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், பாதிரியார் இன்னும் காப்பி குடித்து முடிக்கவில்லை, "அண்ணி, கிதார் பெட்டியை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாய். புருஷனைப் புதைத்துவிட்டு வந்த கையோடு எனக்கு அந்தக் கேள்வி.

சரி, வாசிக்கத் தெரிந்தவர் கையில்தானே இருக்க வேண்டும்? நான் வாசிக்கக் கற்றுக்கொள்கிறேன். சிரி. ஐம்பத்தொரு வயதுத் தையல்காரி, கிதாரை இதுவரை பிடித்ததே இல்லை, நன்றாகச் சிரி. கிரனாடா இசைக் கன்சர்வேட்டரியில் ஜூன் மாதம் தனித்தேர்வர்களுக்கு முதலாண்டுத் தேர்வு வைக்கிறார்கள். விசாரித்துவிட்டேன், வயது வரம்பு இல்லை. ஜூனில் நான் தேறினால் கிதார் இந்த வீட்டில் இருக்கும். தேறாவிட்டால் உன்னுடையது, பிறகு நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இன்னொன்று. தேர்வில் நம் விருப்பப்படி ஒரு பாட்டு வாசிக்கலாமாம். ரமீரோ தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு, கடையைத் திரும்பத் திறக்கப் போகுமுன் வாசிப்பாரே, உங்கள் அப்பா உங்கள் இருவருக்காகவும் எழுதிய அந்த ஒரு பக்கப் பாட்டு, அதுதான் எனக்கு வேண்டும். வீடு முழுக்கத் தேடிவிட்டேன், இங்கே தாள் இல்லை. அவருக்கு அது கையிலேயே இருந்தது. தாள் உன்னிடம் இருக்கிறது. ஒரு நகல் எழுதி அனுப்பு. அனுப்பாவிட்டால் நீ பயப்படுகிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

குஸ்தோதியா

*

வலென்சியா, 18 அக்டோபர் 1983

அண்ணிக்கு,

பயமா? எனக்கா? நான் இருபத்தைந்து வருஷமாகக் கிதார் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களைப்போல ஆவேசத்தில் வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஆறாவது வாரம் காணாமல் போவார்கள்.

ஜூன் வரை பொறுக்கிறேன். பேச்சுக்குப் பேச்சு மாறாமல் இருக்க, ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஜூன் தேர்வு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அதுவரை கிதார் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் சில விஷயங்களைச் சொல்கிறேன். மேசைக்கு அடியில் கணப்பு வைக்கிறீர்களே, அந்த மேசைப் பக்கம் கிதார் வரக்கூடாது. சூட்டில் மரம் வெடித்துவிடும். நைலான் தந்தி மட்டும்தான். கடைக்காரன் இரும்புத் தந்தியைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்கிவிடாதீர்கள். முதுகுச் சாய்மானம் இல்லாத நாற்காலியின் நுனியில் உட்காருங்கள். இடது காலடியில் ஒரு மணை, கிதார் இடது தொடைமேல். திருவிழாவில் வாசிப்பவர்கள்போல வலது தொடையில் வைத்தீர்களானால் தேர்வறையில் வாய்விட்டுச் சிரிப்பார்கள். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வலது கை நகத்தை வளருங்கள், விரல் நுனிக்கு மேலே கொஞ்சம் தெரிந்தால் போதும்.

அப்பாவின் பாட்டை நானே கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரலால் வாசிக்க வேண்டிய சுரங்களை எல்லாம் குறித்திருக்கிறேன். அதற்குமேல் என்னிடமிருந்து எதுவும் எதிர்பார்க்காதீர்கள். முப்பது வருஷம் அந்தக் கிதார் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. தூசி தட்டியதைத் தவிர ஒரு தடவையாவது அதைத் தொட்டிருக்கிறீர்களா?

நியேவெஸ்

*

ஊபெதா, 2 டிசம்பர் 1983

நியேவெஸ்,

கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் இருக்கிறது. சாட்சிக்கு கசில்தாவும் போட்டிருக்கிறாள். உன் ஆறாவது வாரம் போன வாரமே முடிந்துவிட்டது. நான் இன்னும் காணாமல் போகவில்லை.

முதல் வாரம் உட்காருவதற்கே சரியாகப் போயிற்று. துக்கத்துக்குத் தைத்த கறுப்புப் பாவாடை குழாய்போல இருக்கிறது. அதில் முழங்காலை எங்கே அகட்டுவது? நல்ல அகலமாக இன்னொன்று தைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்த கசில்தா, "என்னடி இது, பிரசவத்துக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள். ஜன்னலைச் சாத்திவிட்டேன். முப்பது வருஷம் ஊசி குத்திக் காய்த்த விரல், தந்தி நம்மை என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஊசி குத்தும் இடம் வேறு, தந்தி அறுக்கும் இடம் வேறு என்பது இப்போதுதான் தெரிகிறது.

நகம்தான் பெரிய கூத்து. வலது கைக்கு மட்டும் நகம் வளர்க்கும் விதவையை இந்த ஊர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "இவளுக்கு ஒரு கைக்கு மட்டும் துக்கம் முடிஞ்சிருச்சு போல" என்றாள். காதில் விழட்டும் என்றே சொன்னாள். வீட்டுக்கு வந்து கத்திரிக்கோலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் முகம் ஞாபகம் வந்தது, கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். கட்டைவிரல் சுரங்களைக் குறித்ததாக எழுதியிருந்தாய். ரமீரோவின் பழைய பயிற்சிப் புத்தகத்தில் கட்டைவிரலுக்குச் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருக்கிறது. உன் தாளில் ஒரு சிலுவைகூட இல்லை. அவசரத்தில் மறந்துவிட்டாய் போலிருக்கிறது, போகட்டும். கீழ்ச்சுரங்களையும் நான் ஆள்காட்டி விரலாலேயே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 'ப' என்ற எழுத்தை மட்டும் தாராளமாகப் போட்டுவைத்திருக்கிறாய், கீழ்ச்சுரம் ஒவ்வொன்றின் அடியிலும். இருபத்திரண்டு வருஷம் சர்ச் பாடகர் குழுவில் நின்றவளுக்கு 'ப' தெரியாதா? 'பியானோ', அதாவது மெல்ல. எதற்கும் ஆர்கன் வாசிக்கும் தோன் அன்செல்மோவிடம் காட்டினேன். அவர்தான் வாரம் ஒரு தடவை எனக்குச் சுருதி சேர்த்துத் தருகிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஆமாம்மா, ரொம்ப மெல்ல. உங்க நாத்தனாருக்கு நுட்பம் தெரிஞ்சிருக்கு" என்றார். ஆகவே உன் ஒவ்வொரு 'ப'வுக்கும் மரியாதை கொடுக்கிறேன். தூங்கும் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோலத் தொடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், வெட்கத்தை விட்டு. இது ரமீரோ வாசித்ததுபோல் இல்லை. அவர் வாசிக்கும்போது பாட்டு அடியிலிருந்து வரும் என்று ஒரு மங்கலான ஞாபகம். நான் வாசித்தால் மேலே என்னவோ டிங் டிங் என்று கேட்கிறது, அடியில் ஒன்றுமே இல்லை. எங்கே தப்பு செய்கிறேன்? சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம். இதற்கு மட்டும் பதில் சொல்.

குஸ்தோதியா

*

வலென்சியா, 13 டிசம்பர் 1983

அண்ணிக்கு,

ஒப்பந்தம் கிடைத்தது. சாட்சிக்கு அவசியமே இருக்கவில்லை.

நகத்தை அரத்தால் ராவினால் மட்டும் போதாது, மிக மெல்லிய உப்புத்தாளால் நுனியை வழவழப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓசை கீறும்.

நீங்கள் கேட்டதற்கு: பழகப் பழக வரும். தாளில் நான் எதையும் மறக்கவில்லை. தாளில் உள்ளபடி வாசியுங்கள்.

பள்ளியில் பருவத் தேர்வு நடக்கிறது, இதற்குமேல் எழுத நேரமில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

நியேவெஸ்

பி.கு. தோன் அன்செல்மோ ஆர்கன்காரர். கிதார் விஷயத்தில் அவரிடம் அதிகம் கேட்க வேண்டாம்.

*

ஊபெதா, 19 பிப்ரவரி 1984

நியேவெஸ்,

பழகப் பழக வரும் என்பதைச் சொல்லத்தானா இருபத்தைந்து வருஷம் சொல்லிக்கொடுத்தாய்? அதை கசில்தாவே சொல்லியிருப்பாள்.

ரெண்டு மாதமாகத் தாளில் உள்ளபடிதான் வாசிக்கிறேன். ஒரு எழுத்து பிசகவில்லை. சுரவரிசை ஓடுகிறது, தேர்வுக்குக் கொடுத்த பயிற்சியும் தேறிவிட்டது. தோன் அன்செல்மோவே, "நெசமாவே நீங்களா வாசிச்சீங்க?" என்று கேட்டார். உன் அப்பாவின் பாட்டு மட்டும்தான் உயிரில்லாமல் கிடக்கிறது.

ஜனவரியில் மோதிர விரல் நகம் ஒடிந்தது. பிள்ளைகளின் முதல் நற்கருணை விழா உடைகளுக்கு ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது. மெல்லிய வலைத்துணியில் நகம் மாட்டி உடையின் ஒரு கை முழுக்கக் கிழிந்துபோக, அந்தத் துணியை நான் என் கைக்காசில் மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒடிந்த நகத்துக்குப் பதிலாக ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை வெட்டி விரலில் ஒட்டிக்கொண்டேன். தோன் அன்செல்மோ எங்கேயோ கேள்விப்பட்டதாகச் சொன்ன வைத்தியம் அது. இரண்டாவது நாள் சூப்புக் கிண்ணத்தில் விழுந்துவிட்டது. நீ இதைப் படித்துச் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

இனிச் சிரிக்க வேண்டாத விஷயம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது கிதாரைத் தொட்டிருக்கிறீர்களா என்று கேட்டாய். தொட்டதில்லை. அதைவிட மோசம் ஒன்று உண்டு, நான் கேட்டதே இல்லை. அவர் மதியம் வாசிக்கும்போதெல்லாம் நான் அதே அறையில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள், கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும், "கொஞ்சம் மெஷினை நிறுத்துறியா, இந்தப் பாட்டு ரெண்டு நிமிஷந்தான்" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நிறுத்தினா இந்த உடுப்பை உங்க அப்பாவா வந்து தைப்பாரு?" என்றேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. முப்பது வருஷமும் அந்த மெஷின் சத்தத்துக்கு நடுவே வாசித்தார்.

இப்போது மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்கிறேன், வாசிக்க அவர் இல்லை. அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது நியேவெஸ். ஒரே வீட்டில் பத்தாயிரம் தடவை வாசித்த பாட்டு. நானே வாசித்தாலாவது கேட்கலாம் என்றுதான் கற்றுக்கொள்கிறேன். கிதார் வேண்டும் என்று நான் சண்டை போடுவது இதற்காகத்தான், மரத்துக்காக இல்லை.

குஸ்தோதியா

*

வலென்சியா, 11 மார்ச் 1984

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை வேண்டாம் என்று மடித்து வைத்துவிட்டேன்.

உங்கள் பக்கத்தைச் சொன்னீர்கள், என் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரே கிதார்தான். அப்பா ரமீரோவுக்குச் சொல்லிக்கொடுப்பார், நான் தட்டு கழுவிக்கொண்டே கேட்பேன். அண்ணன் ராணுவச் சேவைக்கு மெலில்லா போன பதினெட்டு மாதமும் கிதார் என் கையில் இருந்தது. எனக்குப் பதிமூன்று வயது. அந்தப் பதினெட்டு மாதத்தில் அவன் எட்டு வருஷத்தில் கற்றதை எல்லாம் தாண்டிப் போய்விட்டேன். அப்பாவுக்கே அது தெரியும், கண்ணால் பார்த்தார். ரமீரோ திரும்பி வந்த அன்று, "அண்ணன் வந்துட்டான், அவன்கிட்ட குடுத்துரும்மா" என்றார். கொடுத்தேன். ஆண்பிள்ளைக்குத்தான் கிதார் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

அவன் என்ன செய்தான்? ஆணியும் பூட்டும் விற்றான். முழுதாக வாசிக்கத் தெரிந்தது அந்த ஒரு பக்கம்தான். நான் இரவல் கிதாரோடு வலென்சியாவுக்கு வந்தேன், இதையே தொழிலாக்கிக்கொண்டேன். ஒவ்வொரு கோடையிலும் ஊபெதா வரும்போது அந்தக் கிதார் உங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் பூண்டுச் சரத்துக்குப் பக்கத்தில் தொங்குவதைப் பார்ப்பேன். முப்பது கோடை பார்த்தேன், அண்ணி. ஒரு தடவைகூட அவன், "நீ எடுத்துக்கோ" என்று சொல்லவில்லை. சாகும்போதுகூட அதை நேராகச் சொல்லவில்லை.

உங்கள்மேல் பரிதாபப்படச் சொல்கிறீர்கள். எனக்கு வரவில்லை. வருகிறது என்றாலும் அதை வரவிடக்கூடாது என்று இருக்கிறேன்.

ஜூன் பதினான்காம் தேதி நானே கிரனாடாவுக்கு வருகிறேன். காலிப் பெட்டியோடு வருவேன்.

நியேவெஸ்

*

ஊபெதா, 20 மே 1984

நியேவெஸ்,

வா. பெட்டியைக் கொண்டுவா. நீ அப்படிச் சொன்னதில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பதினெட்டு மாத விஷயம் இதுவரை எனக்குத் தெரியாது. ரமீரோ சொன்னதே இல்லை. சொல்ல வெட்கப்பட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பெயர் பதிந்தாயிற்று. எண் முப்பத்தேழு. பதினேழு நற்கருணை உடையையும் தைத்து முடித்துவிட்டேன், ஒரு நகமும் ஒடியவில்லை. எல்லா வேலையையும் இடது கைக்குப் பழக்கிவிட்டேன். பயமாக இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பாட்டு அப்படியேதான் இருக்கிறது. கேட்பவர்களுக்கு நன்றாக இருக்கிறதாம், "மெதுவா, இதமா இருக்கு" என்கிறாள் கசில்தா. என் காதுக்குத்தான் அது ரமீரோ இல்லை. உன் தாளைச் சந்தேகப்படலாமா என்று ஒரு நாள் தோன்றியது. உடனே என்னையே திட்டிக்கொண்டேன். அவர் உன்னைப் பற்றி ஒன்று சொல்வார். கோடையில் நீ சண்டை போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போன பிறகு ஒவ்வொரு தடவையும் சொல்வார். "நியேவெஸ் எதை வேணா சொல்லுவா, ஆனா சுரத்துல மட்டும் பொய் சொல்ல மாட்டா." அதை நம்பித்தான் ஆறு மாதமாகத் தாளில் உள்ளபடியே வாசிக்கிறேன். தேர்விலும் அப்படியேதான் வாசிப்பேன்.

குஸ்தோதியா

*

வலென்சியா, 6 ஜூன் 1984
அவசரத் தபால்

அண்ணி,

இதைப் பதினைந்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். இல்லை, டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும்.

'ப' என்பது பியானோ இல்லை. கிதார் தாளில் 'ப' என்றால் புல்கார். கட்டைவிரல். இப்போதெல்லாம் அந்தப் பழைய சிலுவையை யாரும் போடுவதில்லை, இந்த எழுத்தைத்தான் போடுகிறோம். நான் எதையும் மறக்கவில்லை, குறித்திருக்கிறேன் என்று எழுதினேனே, அது அதுதான்.

பாட்டு முழுக்க அந்தக் கட்டைவிரலில்தான் இருக்கிறது. அடியில்தான் இருக்கிறது. உங்கள் காது சரியாகவே சொன்னது. மேலே கேட்கும் டிங் டிங் வெறும் துணை, அதைத்தான் மெல்ல வாசிக்க வேண்டும். கீழ்ச்சுரங்களைக் கட்டைவிரலின் எடை முழுவதும் கொடுத்து, வெட்கமில்லாமல் வாசிக்க வேண்டும். நீங்கள் ஆறு மாதமாகப் பாட்டை அமுக்கிவைத்துவிட்டுத் துணையை மட்டும் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தெரியாமல் விட்டேன் என்று சொல்லப் போவதில்லை. டிசம்பரில் உங்கள் கடிதத்தை வாங்கி, அந்த வரியைப் படித்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன், சிரித்தேன். பிறகு யோசித்தேன், நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, தாளில் உள்ளதுதானே உள்ளது, அவர்களாகத் தப்பாகப் படித்தால் அதற்கு நானா பொறுப்பு என்று. 'தாளில் உள்ளபடி வாசியுங்கள்' என்று எழுதி அனுப்பினேன். சுரத்தில் பொய் சொல்ல மாட்டேன் என்று அவன் சொன்னானா? அண்ணி, நான் சொன்னேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொன்னேன், அதுவும் அப்பாவின் பாட்டில், அவன் மனைவியிடம்.

இது உங்கள் கைக்கு வரும்போது நான்கைந்து நாள்தான் இருக்கும். கையை மாற்ற அது போதாது என்று எனக்குத் தெரியும். கிதார் உங்களுடையது. ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுங்கள். கிரனாடாவுக்கு நான் வரவில்லை, வரும் முகம் எனக்கு இல்லை.

நியேவெஸ்

*

ஊபெதா, 16 ஜூன் 1984

நியேவெஸ்,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை வந்தது. ஊர்வலத்துக்கான உடுப்பு ஒன்று மெஷினில் பாதியில் கிடந்தது. நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் உன்னை என்னென்னவோ சொல்லித் திட்டினேன், எழுத முடியாத வார்த்தைகள். கசில்தா சுவரைத் தட்டி, "யாரு செத்தது?" என்று கேட்டாள்.

பிறகு கிதாரை எடுத்தேன். மணையில் காலை வைத்தேன். கட்டைவிரலைப் போட்டேன், நீ சொன்னபடி, வெட்கமில்லாமல்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அதுதான். மெஷின் சத்தத்துக்கு அடியில் முப்பது வருஷம் வந்துகொண்டிருந்தது அதுதான். எனக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது நியேவெஸ், காது கேட்டிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் செத்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை.

தேர்வைச் சொல்கிறேன். சுரவரிசை சுத்தமாக வந்தது. அவர்கள் கொடுத்த பயிற்சியிலும் குறை சொல்லவில்லை. கடைசியாக உன் அப்பாவின் பாட்டு. முதல் நான்கு வரி கட்டைவிரல் சொன்னபடி கேட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள், அதைப் பார்த்தேன். ஐந்தாவது வரியில் கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் ஒரே தந்திக்கு ஒன்றாக ஓடி வந்தன, அதோடு நின்றுவிட்டேன். அவர்களில் நடுவில் இருந்த அம்மாள் நல்லவர், "பரவாயில்ல செஞோரா, மொதல்லேர்ந்து வாசிங்க" என்றார். வாசித்தேன். அதே ஐந்தாவது வரியில் நின்றேன். மூன்றாவது தடவை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று பலகையில் ஒட்டினார்கள். முப்பத்தேழு, தேறவில்லை.

பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் உன்மேல்தான் ஆத்திரம். டிசம்பரில் ஒரு வரி எழுதியிருந்தால் தேறியிருப்பேன். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை, வராததை எழுதவும் மாட்டேன். ஆனால் நீ எழுதாமலே இருந்திருக்கலாம். தேறாமல் போயிருப்பேன், காரணம் எனக்குக் கடைசிவரை தெரிந்தே இருக்காது, கிதார் உன் கைக்கு வந்திருக்கும். அப்படி இருந்தும் எழுதினாய். அதை நான் எடுத்து ஓரத்தில் வைத்துவிட முடியவில்லை.

ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொன்னாய். கிழிக்கவில்லை. நீ எழுதியதில் நான் கையெழுத்துப் போட்டேன், ஜூன் என்று இருக்கிறது, ஜூனில் தேறவில்லை. தாளில் உள்ளபடி கிதார் உன்னுடையது. தட்டு கழுவிக்கொண்டே கேட்டவளுக்கு அது எப்போதோ போயிருக்க வேண்டியது. பெட்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போ.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடாதே. மதியம் சாப்பிட்டுவிட்டு, அந்த அறையில் உட்கார்ந்து, ஒரு தடவை முழுதாக வாசித்துவிட்டுப் போ. வீட்டிலும் என் கட்டைவிரல் ஐந்தாவது வரியைத் தாண்டவில்லை, அதற்கு அப்புறம் அது எப்படிப் போகும் என்று நான் இன்னும் கேட்கவில்லை. மெஷினை நிறுத்திவைக்கிறேன். அதுவரை நகத்தை வெட்டாமல் இருக்கிறேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நீ போன பிறகு வெட்டிக்கொள்வேன்.

குஸ்தோதியா

*

தந்தி
வலென்சியா, 19 ஜூன் 1984

வெள்ளி மதியம் லினாரெஸ் ஸ்டேஷனில் இறங்குகிறேன். பெட்டி காலி இல்லை, என் கிதார் இருக்கிறது. மறுதேர்வு செப்டம்பரில். நகத்தை வெட்டாதீர்கள் அண்ணி.

நியேவெஸ்